புளி, சோடா, சூடு, வெயில்: வீட்டுக் குறிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டிகைக்கு முந்தைய வாரம் வந்தாலே எனக்கு ஒரே மாதிரி கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். விளக்கு பளிச்சென்று ஆகவில்லை, சிங்க் அடைத்துக்கொண்டது, ரவையில் வண்டு, வேட்டியில் மஞ்சள் கறை. இதோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு நிமிட வீடியோக்களைப் பற்றிய சந்தேகங்களும் சேர்ந்துவிட்டன. உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்டதை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். குறிப்பு சொல்வதோடு நிறுத்தாமல், அது ஏன் வேலை செய்கிறது என்பதையும் முடிந்தவரை எழுதியிருக்கிறேன். காரணம் தெரிந்தால்தான் எந்த இடத்தில் அதைச் செய்யக்கூடாது என்பதும் தெரியும்.

எதுக்குப் புளி, எதுக்குச் சோடா? எனக்கு எப்பவும் குழப்பம்தான். சுலபமா ஞாபகம் வச்சுக்க ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது. முதலில் கறை எந்த வகை என்று பாருங்கள். குழாயில் படியும் வெள்ளைப் படிவு, பித்தளையின் கறுப்பு, இரும்புத் துரு இவையெல்லாம் புளிப்புக்குக் கரையும். புளி, எலுமிச்சை, வினிகர், புளித்த மோர் எல்லாம் ஒரே கட்சி. எண்ணெய்ப் பிசுக்கும் தீய்ந்த சாதமும் காரத்துக்கு இளகும். சமையல் சோடா, சோப்பு, அந்தக் காலத்து அடுப்புச் சாம்பல் எல்லாம் இன்னொரு கட்சி.

மூன்றாவது ஒன்று உண்டு: சுரண்டி எடுப்பது. தேங்காய் நார், பல்பொடி, விபூதி, உப்பு எல்லாம் இதில் சேரும். இவை எந்தக் கறையையும் எடுக்கும். கூடவே பாத்திரத்தையும் கொஞ்சம் எடுக்கும். அதனால் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் மனதில் வைத்தால் கீழே உள்ள பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

போர் தண்ணியால பக்கெட், குழாய் எல்லாம் வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருக்கு. சோப்பு போட்டுத் தேய்ச்சும் போகல. என்ன செய்ய?

நாம் அதை உப்பு என்று சொல்கிறோம். சாப்பாட்டு உப்பாக இருந்தால் தண்ணீர் பட்டதுமே கரைந்து போயிருக்கும். இது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் இதேதான். சோப்பு காரம் என்பதால் இதை ஒன்றும் செய்யாது. கடின நீரோடு சேர்ந்து சோப்பே வெள்ளையாகத் திரண்டு கறையைக் கூட்டும்.

புளிப்புதான் வேண்டும். குழாய்க்கு, வினிகரில் நனைத்த பழந்துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டு பழைய பல்துலக்கியால் தேயுங்கள். ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறப் போடலாம்; கழற்ற முடியாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி அதன்மேல் கட்டிவிடுங்கள். வினிகர் இல்லை என்றால் பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்தாலும் போதும், நேரம்தான் கூடுதல். சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பக்கெட்டில் வருடக்கணக்கில் படிந்ததை ஒரே நாளில் எடுக்க முயலாமல் இரண்டு மூன்று முறையாகச் செய்யுங்கள். முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குரோம் பூச்சுள்ள குழாயில் இரவு முழுக்க விட வேண்டாம், பூச்சு மங்கும்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிறேன். அன்னிக்குத் தங்கம் மாதிரி இருக்கு, ரெண்டு நாள்ல மறுபடி கறுத்துடுது. ஏன்?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு காற்றோடு சேர்ந்து மேலே ஒரு கறுப்புப் படலத்தை உண்டாக்குகிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடுகிறது. ஆனால் தேய்த்து முடித்த பிறகு புளியின் மிச்சம் விளக்கின் இடுக்குகளில் தங்கிவிட்டால், அதே அமிலம் புது உலோகத்தையும் பிடிக்க ஆரம்பிக்கும். இரண்டு நாளில் கறுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

புளியால் தேய்த்த பிறகு ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். காரம் மிச்சப் புளிப்பை முறித்துவிடும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, உடனே துணியால் துடைத்து, சற்று வெயிலில் காய விடுங்கள். ஈரத்தோடு தானாகக் காய விட்டால் திட்டுத் திட்டாக வரும். எண்ணெய் ஊற்றும் குழியில் பிசுக்கு இருந்தால் முதலில் சீயக்காய்ப் பொடியோ அரப்போ போட்டு எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் புளிக்கு வர வேண்டும். எண்ணெய் மேலே இருக்கும்வரை புளி உலோகத்தைத் தொடவே முடியாது. பாதிப் பேர் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, புளி சரியில்லை என்கிறார்கள்.

புளி போட்டே தேய்க்கிறோமே, அப்போ அதே பித்தளைப் பாத்திரத்துல புளிக்குழம்பு வச்சா என்ன?

வைக்கக்கூடாது. மேலே சொன்ன அதே அமிலம்தான் காரணம். படலத்தைக் கரைப்பது போலவே செம்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பில் இறக்கிவிடும். அந்தக் குழம்பைச் சாப்பிட்டால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரலாம். அதனால்தான் சமைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசும் வழக்கம் வந்தது. அங்கே ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை. பூசும்போது நல்ல வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள், காரீயம் நஞ்சு. பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசும்வரை அதில் சமைக்க வேண்டாம். செம்புக் குடத்துத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

சமையல் மேடையை எலுமிச்சை போட்டுத் துடைச்சேன், பளபளப்பே போயிடுச்சு. நல்ல பொருள்னுதானே சொன்னாங்க?

உங்கள் மேடை கடப்பா கல்லாக இருக்கும். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. குழாயில் படியும் வெள்ளைக் கறையைக் கரைக்கிற புளிப்பு, அதே இனத்தைச் சேர்ந்த இந்தக் கல்லையும் கரைக்கும். மங்கிய இடம் கறை இல்லை, அரிக்கப்பட்ட கல். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது; பாலிஷ் போடத்தான் வேண்டும். மார்பிள், மொசைக், சிமென்ட்டில் போட்ட ரெட் ஆக்சைடு தரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாம்பார் சிந்தினால்கூட உடனே துடையுங்கள்.

கிரானைட்டும் செராமிக் டைல்ஸும் புளிப்பைத் தாங்கும். ஆனால் டைல்ஸுக்கு இடையில் இருக்கும் சிமென்ட் கோடு தாங்காது. இந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து துடைப்பதே நல்லது.

சிங்க்ல சோடா உப்பு போட்டு வினிகர் ஊத்தினா பொங்கிப் பொங்கி அடைப்பு போகும்னு வீடியோல காட்டுறாங்களே, உண்மையா?

பொங்குவது உண்மை. அடைப்பு போவது சந்தேகம். முதல் கேள்வியில் இரண்டு கட்சி என்று சொன்னேன் அல்லவா, அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். கார்பன் டை ஆக்சைடு வாயு பொங்கி வெளியே போய்விடும். மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அதற்கு எண்ணெயை இளக்கும் வலுவும் இல்லை, படிவைக் கரைக்கும் வலுவும் இல்லை. பார்க்க நன்றாக இருப்பதால் வீடியோவில் எடுபடுகிறது, அவ்வளவுதான்.

இரண்டில் எது வேண்டுமோ அதை மட்டும் பயன்படுத்துங்கள். சமையலறை சிங்க்கில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் சாதப் பருக்கையும்தான். பாத்திர சோப்பைத் தாராளமாக ஊற்றி, கை பொறுக்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில் தண்ணீர் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி குழாய் இளகிவிடும். அதற்கும் அசையாவிட்டால் ரப்பர் பம்ப்பால் அழுத்தி இழுங்கள். கடைசியாக, கீழே ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு, வளைவாக இருக்கும் குழாயைக் கையால் திருகிக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான அடைப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பொடியை ஏற்கெனவே போட்டிருந்தால் மட்டும் குழாயைக் கழற்றாதீர்கள், பம்ப்பும் போடாதீர்கள். அது கடும் காரம். தெறித்தால் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.

பால் அடிப்பிடிச்சுப் பாத்திரம் கருகிடுச்சு. எவர்சில்வர். எப்படி எடுக்கறது?

தேய்க்க ஆரம்பிக்காதீர்கள். கருகல் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, அப்படியே ஆற விடுங்கள். கருகல் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். ஒரு முறை போதாது என்றால் இன்னொரு முறை. அடுத்த தடவை பால் காய்ச்சும் முன் பாத்திரத்தைத் தண்ணீரில் அலசிவிட்டு, துடைக்காமலே பாலை ஊற்றுங்கள். அடிப்பிடிப்பது குறையும்.

இண்டாலியம் வாணலிக்கும் அதே மாதிரி சோடா போட்டுக் கொதிக்க வைக்கலாமா?

வேண்டாம். அலுமினியத்தைக் காரம் அரிக்கும், வாணலி கறுத்துப்போகும். இதற்கு எதிர்க்கட்சிதான் சரி: கொஞ்சம் புளித்தண்ணீரோ எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்க விடுங்கள். கறுத்துப்போன அலுமினியப் பாத்திரத்தில் தக்காளி வேகவைத்தால் உள்பக்கம் வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். கருகலை ஊறவைத்து மரக்கரண்டியால் தள்ளி எடுங்கள்.

வெள்ளைச் சட்டையில சாம்பார் கொட்டிடுச்சு. சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பா மாறிப் பயமுறுத்துது! துணி கெட்டுப்போச்சா?

கெடவில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆரத்தி கரைப்பதும், மஞ்சளிலிருந்து குங்குமம் செய்வதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். சோப்பு காரம் என்பதால் உங்கள் சட்டையில் ஒரு சின்ன ஆரத்தி நடந்திருக்கிறது. நன்றாக அலசினாலோ ஒரு சொட்டு எலுமிச்சை பட்டாலோ மறுபடி மஞ்சளாகிவிடும்.

குர்குமினுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு: வெளிச்சத்தைத் தாங்காது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். சாம்பாரின் எண்ணெயோடுதான் நூலில் போய் ஒட்டியிருக்கிறது. அதனால் முதல் வேலை சோப்பால் எண்ணெயை எடுப்பது. அடுத்தது, அலசிய துணியை ஈரத்தோடு கறை மேலே தெரியும்படி நல்ல வெயிலில் போடுவது. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு ஒரு பகல் போதும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆகலாம். மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்கும் இதே வைத்தியம்தான், கழுவித் திறந்து வெயிலில் வைத்துவிடுங்கள். பிளீச் தேடி ஓடுவதற்கு முன் வெயிலுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். காசில்லாமல் இவ்வளவு நன்றாக வேலை செய்வது வேறெதுவும் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: சாயத் துணியை நாள்கணக்கில் போட்டால் துணியின் நிறமும் சேர்ந்து வெளுக்கும்.

மத்த கறைகள்? பேனா மை, ரத்தம், எண்ணெய்?

பால்பாயின்ட் மைக்குக் கை சானிட்டைசர் நல்லது. அதில் இருக்கும் ஆல்கஹால் மையைக் கரைக்கும். அடியில் ஒரு பழந்துணி வைத்து மேலிருந்து ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். அடுப்புப் பக்கத்தில் செய்யாதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். வெந்நீர் பட்டால் அதிலுள்ள புரதம் முட்டை வேகிற மாதிரி வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். புது எண்ணெய்க் கறைமேல் கடலை மாவையோ முகப் பவுடரையோ கொட்டி ஒரு மணி நேரம் விட்டு உதறுங்கள். எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் சோப்பு சுலபமாக வேலை செய்யும்.

வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்க்கிறதா, அலுமினியம் ஃபாயில் போட்டு வெந்நீர்ல வைக்கிறதா? எது நல்லது?

இரண்டுமே வேலை செய்யும், வழிதான் வேறு. வெள்ளி கறுப்பது காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால். மேலே படிவது வெள்ளி சல்ஃபைடு. விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்த்தால் அந்தக் கறுப்போடு அதில் இருக்கும் வெள்ளியும் சேர்ந்து போகிறது. பாட்டி காலத்துக் கும்பாவில் பூ வேலைப்பாடு மழுங்கிப்போயிருப்பதற்குக் காரணம் இந்தத் தேய்ப்புதான்.

ஃபாயில் முறையில் எதையும் சுரண்டுவதில்லை. ஒரு அகலமான கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தின் அடியில் ஃபாயிலை விரித்து, வெள்ளிச் சாமான் ஃபாயிலைத் தொடும்படி வையுங்கள். லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் சமையல் சோடா கரைத்த நல்ல வெந்நீரை மூழ்கும்வரை ஊற்றுங்கள். அலுமினியம் கந்தகத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டு வெள்ளியை வெள்ளியாகவே திருப்பிக் கொடுக்கிறது. லேசான அழுகிய முட்டை வாடை வரும், அது அந்தக் கந்தகம்தான்; ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் எடுத்து அலசித் துடைத்துவிடலாம். விளக்கில் எண்ணெய் இருந்தால் முதலில் கழுவிவிட வேண்டும், பித்தளைக்குச் சொன்ன அதே காரணம்தான்.

கல் பதித்தது, முத்து வைத்தது, எனாமல் போட்டது, வேண்டுமென்றே கறுப்பாக்கிய ஆக்சிடைஸ்டு நகை இவற்றை இந்தத் தண்ணீரில் போடாதீர்கள். கறுப்பாக்கியதில் அந்தக் கறுப்புதான் அழகே; அது போய்விடும். எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவும் வேண்டாம். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, கோடு கோடாகக் கறுக்கும்.

அரிசியில வசம்பும் வேப்பிலையும் போட்டும் வண்டு வருதே? வசம்பு போலியா?

வசம்பைக் குறை சொல்லாதீர்கள். வண்டு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் புரியும். அரிசி வண்டின் பெட்டை மணியில் ஒரு துளை போட்டு உள்ளே முட்டையிட்டுத் துளையை மூடிவிடும். கடையிலிருந்து வாங்கி வரும்போதே முட்டை உள்ளே இருக்கலாம், நம் கண்ணுக்குத் தெரியாது. வசம்பின் வாசனையும் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் வெளியே இருந்து வரும் பூச்சியைத் தள்ளி வைக்க உதவும். மணிக்குள்ளே ஏற்கெனவே இருப்பதை அவை எதுவும் செய்யாது.

அதனால் டப்பாவில் போடுவதற்கு முன் உள்ளே இருப்பதைத் தீர்க்க வேண்டும். ரவை, மைதா, கோதுமை மாவு, ஒன்றிரண்டு கிலோ அரிசி என்றால் பையோடு ஃப்ரீசரில் நான்கைந்து நாள் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் பிரிக்காமல், குளிர் முழுக்கப் போன பிறகு பிரியுங்கள். இல்லையென்றால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து கட்டி தட்டும். மூட்டை அரிசிக்கு ஃப்ரீசர் பத்தாது. பாயில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவைத்துப் புடைத்து, நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டிரம்மில் கொட்டுங்கள். பழைய மிச்சத்தின்மேல் புதியதைக் கொட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. டிரம்மைக் காலி செய்து, மூலைகளைத் துடைத்து, அப்புறம் கொட்ட வேண்டும். வசம்பை முழுத் துண்டாகத் துணியில் முடிந்து போடுங்கள், பொடித்துத் தூவ வேண்டாம்.

பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவாங்களே, அது எதுக்கு?

முழுப் பயறு வகைகளுக்கு அது அருமையான முறை. பயறு வண்டு அரிசி வண்டைப் போல இல்லாமல் மணியின் மேல்தோலில் முட்டையை ஒட்டி வைக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அந்த முட்டைக்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடுகிறது. கிலோவுக்கு ஒரு சின்ன ஸ்பூன் போதும், கையில் தடவிப் புரட்டிவிடுங்கள். சமைக்கும்முன் வெந்நீரில் இரண்டு முறை கழுவினால் வாடை இருக்காது. கிராமங்களில் துவரைக்குச் செம்மண் கட்டுவதும் பூச்சி அண்டாமல் நாள்பட வைத்திருக்கத்தான்.

எறும்புக்கு மஞ்சள்தூள் போடறேன், கோலமாவு போடறேன், வேற வழியா வந்துடுது.

எறும்பு தான் போகும் வழியில் ஒரு வாசனைக் கோடு போட்டுக்கொண்டே போகிறது, பின்னால் வருபவை அதைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. தூளைத் தூவினால் சுற்றிக்கொண்டு வரும். அந்தக் கோட்டை அழியுங்கள்: சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால், சுவர் ஓட்டையிலிருந்து சர்க்கரை டப்பா வரை முழு வழியையும் துடையுங்கள். பிறகு ஓட்டையை அடையுங்கள். தின்பண்டத்தைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைக்கும் பழைய முறை இன்றும் சிறந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் சின்ன எறும்புகள் மேலே மிதந்து கடந்து வர முடியாது.

சாக்பீஸ் மாதிரி விற்கும் எறும்புக் கட்டி சாதாரண சாக்பீஸ் இல்லை, பூச்சிமருந்து கலந்தது. சமையல் மேடையிலும், தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும் அதைக் கிழிக்காதீர்கள். கரப்பானுக்கு வைக்கும் போரிக் பவுடர் உருண்டைக்கும் இதே எச்சரிக்கை. மாவும் சர்க்கரையும் சேர்ப்பதால் குழந்தைக்கும் நாய்க்கும் அது தின்பண்டமாகத்தான் தெரியும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கை எட்டாத இடம் இருந்தால் மட்டும் வையுங்கள்.

உப்பு ஜாடியில அரிசி போட்டா உப்பு உதிரியா இருக்கு. அப்போ தண்ணியில விழுந்த போனையும் அரிசியில போடலாம்தானே?

உப்பு விஷயம் சரி. சாப்பாட்டு உப்பில், முக்கியமாகக் கல்லுப்பில், கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு இருக்கும். மழைக்காலத்துக் காற்றின் ஈரத்தை இழுப்பது அதுதான். நாலு வறுத்த அரிசி அந்தச் சிறு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். போனுக்குள் போன தண்ணீர் அப்படி இல்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே கிடக்கும் அரிசி எட்டிப் பிடிக்க முடியாது. அரிசித் தூள் சார்ஜர் ஓட்டைக்குள் போவதுதான் மிச்சம். ஐபோனை அரிசிப் பையில் போட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், ஆன் ஆகிறதா என்று பார்க்காதீர்கள். சிம் தட்டை வெளியே எடுத்து, ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டி, ஃபேன் காற்றில் ஒரு நாளாவது வையுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம்.

ரெண்டு எவர்சில்வர் டம்ளர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சு, வரவே மாட்டேங்குது.

உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்துங்கள். உள்ளே இருப்பது சுருங்கும், வெளியே இருப்பது விரியும், திருகினால் வந்துவிடும். திறக்காத ஊறுகாய் பாட்டிலின் தகர மூடிமேல் வெந்நீர் விடுவதும் இதே கணக்குதான்.

சிலிண்டர்ல எவ்வளவு கேஸ் மிச்சம்னு ஈரத்துணி வச்சுக் கண்டுபிடிக்கலாமாமே?

கண்டுபிடிக்கலாம், பாதுகாப்பான முறை. சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஈரத்துணியால் ஒரு பட்டையாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். திரவ எரிவாயு இருக்கும் உயரம்வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். திரவம் இருக்கும் இடத்தில் இரும்பு சீக்கிரம் சூடேறாததுதான் காரணம். கச்சிதமாகத் தெரிய வேண்டும் என்றால் எடை போடுங்கள். வீட்டு சிலிண்டரில் நிரப்புவது 14.2 கிலோ, காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், கழித்துக்கொள்ளலாம்.

கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கவைத்தும் வெந்நீரில் நிறுத்தியும் கடைசிச் சொட்டுவரை எரிக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டர் வழியாக அடுப்புக்கு வரும், தீ குபீரென்று எழும். கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரையை இணைப்பில் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. வாடை அடித்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

குக்கர் கேஸ்கெட் லூஸாகிடுச்சு. ஃப்ரீசர்ல வச்சா சரியாகுதுங்கறாங்க, நானும் அப்படித்தான் ஓட்டிட்டிருக்கேன்...

குளிரில் ரப்பர் கொஞ்சம் சுருங்கி இறுகும், அன்றைய சமையலுக்கு விசில் வரும். சூடேறியதும் பழைய நிலைக்கே வந்துவிடும். விருந்தாளி வந்திருக்கும் ஒரு வேளைக்கு இது சரி, மாதக்கணக்கில் ஓட்டுவதற்கு இல்லை. ஆவி அழுத்தத்தோடு விளையாடாதீர்கள். புது கேஸ்கெட் வாங்குங்கள், கூடவே சேஃப்டி வால்வையும் பாருங்கள்.

மிக்ஸியில கல்லுப்பு போட்டு ஓட்டினா பிளேடு கூராகுமா?

ஆகாது. உப்பு எஃகைவிட மிகவும் மென்மையானது, அதனால் எஃகைத் தீட்ட முடியாது. ஜார் அடியில் ஒட்டிய மசாலாவை உப்பு சுரண்டி எடுப்பதால் அரைப்பது லேசாகத் தெரியும். கத்தியைக் கூராக்க ஒரு பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் மெருகு இல்லாமல் சொரசொரவென்று இருக்கும் வளையத்தில் தீட்டுங்கள். அது எஃகைவிடக் கடினம். அம்மிக்கல்லின் ஓரத்தில் அரிவாள்மனையைத் தீட்டிய அதே வேலை.

பாத்ரூம் நல்லா வெளுக்கணும்னு பிளீச்சையும் டாய்லெட் கிளீனரையும் சேர்த்து ஊத்தலாமா? ரெண்டும் கிருமிநாசினிதானே?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915இல் முதல் உலகப் போரில் ஈப்ர் போர்க்களத்தில் வீரர்கள்மேல் ஏவப்பட்டது இந்த வாயுதான். சின்ன ஜன்னல் உள்ள நம் குளியலறைகளில் கொஞ்சம் வந்தாலே நெஞ்சு அடைக்கும். பிளீச்சிங் பவுடருக்கும் இது பொருந்தும். வினிகரும் எலுமிச்சையும் அமிலங்கள்தான்; அவற்றையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானும் பிளீச்சும் சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு வரும்.

ஒன்றை ஊற்றிவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அடுத்ததை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தவறிக் கலந்து கண் எரிந்தால், கழுவிவிடலாம் என்று உள்ளேயே நிற்காமல் வெளியே வந்து நல்ல காற்றில் நில்லுங்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். வேலை செய்யும் அக்காவுக்கும் இதை வாயால் எடுத்துச் சொல்லுங்கள். பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை, ஊற்றித் தேய்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

வினிகர் தண்ணி, சோடா தண்ணி எல்லாம் கலந்து பாட்டில்ல ரெடியா வச்சுக்கலாமா?

வினிகரும் தண்ணீரும் கலந்தது எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கும். சோடாத் தண்ணீரை அவ்வப்போது கலந்துகொள்வதே நல்லது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து மூடி வைக்காதீர்கள்; வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். மிக முக்கியம், குடிக்கும் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ எந்தக் கரைசலையும் ஊற்றி வைக்காதீர்கள். ஸ்ப்ரே பாட்டில் ஒன்று தனியாக வாங்கி, மார்க்கரால் பெரிதாகப் பெயர் எழுதி, குழந்தைகள் கை எட்டாத பரணில் வையுங்கள். கற்பூரமும் அந்துருண்டையும் அதே பரணுக்குப் போகட்டும். கற்பூரத்தைக் குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரலாம். அந்துருண்டையும் விழுங்கினால் நஞ்சு.